பாடாமல் போனவன்

காட்சி ஆட்டம்தான்.
கோப்பைக்கு அமைச்சருடைய அப்பா பேர்.
கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டரங்கில்
நான் நடுவர்;
மற்ற நாளில் காவேரிப்பட்டணம் அரசுப் பள்ளியில்
உடற்கல்வி ஆசிரியர்.

கூட்டமெல்லாம் திம்மராயனுக்காக.
ஏலத்தில் அறுபத்திரண்டு லட்சம் போன கால்கள்.
புனேயில், விளக்கு வெளிச்சத்தில்,
நாலு பேரை இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டவன்
நம் ஊர்ப் பாயில் ஆடுவது அதுதான் முதல் தடவை.

முதல் பாதியில் பதினோரு புள்ளி.
அமைச்சர் இரண்டு முறை கைதட்டினார்,
மீதி நேரம் போனில் இருந்தார்.

இரண்டாம் பாதி, நான்காவது நிமிடம்.
நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டான்.
உள்ளே போனான்.
பாடவில்லை.

என் காதின் மேல்தான் முதலில் சந்தேகம்.
உதட்டைப் பார்த்தேன். மூடியிருந்தது.
போனஸ் கோட்டுக்கு முன்னால் நின்று
இரண்டு கையையும் தொங்கவிட்டு
மேடையைப் பார்த்தான்.
பிடிக்க வேண்டிய ஏழு பேரும் பிடிக்கவில்லை.
இடது மூலையில் ஊத்தங்கரைப் பையன்,
குனிந்தவன் மெதுவாக நிமிர்ந்தான்.

கேலரியில் யாரோ "எர்ரப்பள்ளம்" என்றார்கள்.
ஒரே ஒரு முறை.

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும்.
தக்காளி, மாந்தோப்பு,
தொழிற்பேட்டைக்கென்று மஞ்சள் பூசிய கல் நூற்று நாற்பது.
அதில் ஒன்று அவன் சடுகுடு ஆடிய களத்துக்கு நடுவில்.
நானூறு நாளாகப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
மழைக்கு ஒருதரம் பந்தல் சரிந்தது,
அன்றைக்கு மட்டும் ஒரு நிருபர் வந்தார்.

இருபத்திரண்டு. பதினேழு.
கடிகாரம் இறங்க இறங்க
சமோசாக்காரர் கூடையைக் கீழே வைத்தார்.
பாட்டு இல்லையென்றால் மூச்சு விடலாம்.
அவன் விட்டான், நெஞ்சு ஏறி இறங்கியது.
நாங்கள்தான் பிடித்து வைத்திருந்தோம்.

பூஜ்யம்.
ஊதினேன். கை தூக்கினேன்.
அவன் அவுட், எதிரணிக்கு ஒரு புள்ளி.
கடைசியில் அவன் அணிதான் ஜெயித்தது;
எத்தனை புள்ளியில் என்று
இப்போது கேட்டால் யாருக்கும் தெரியாது.

இரவே அமைச்சர் சொல்லிவிட்டார்:
விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்.
அரங்க வாசலிலிருந்து கழிவறை வரை
ஒன்பது பேனரில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் விடிந்ததும் வந்தார்,
பொன்னாடையோடும் கேமராவோடும்.
மஞ்சள் கல்லின் மேலேயே ஏறி நின்று
மண்ணின் மைந்தன் என்றார்.
முதல் அரசாணை உங்க ஆட்சியில போட்டதுதானே என்று
பந்தலிலிருந்து கெம்பம்மா கேட்டபோது
மைக் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

டெல்லிக் கட்சிக்காரர் ஒருவர்
பின்னணியில் யார் என்று விசாரிக்கச் சொன்னார்.
அவன் எந்த ஆளுங்க என்று
எனக்கே மூன்று போன்.
அணி முதலாளி பெங்களூரிலிருந்து இரண்டே வரி:
வீரரின் கருத்து வீரருடையது.
அவன் கருத்தே சொல்லவில்லையே ஐயா.

நடுவரே அவுட் கொடுத்தாரே என்று
டிவியில் என் தூக்கிய கையை
நிறுத்தி நிறுத்திக் காட்டினார்கள்.

தாங்க முடியாமல் அவனைக் கூப்பிட்டேன்.
"நீங்க குடுத்தது சரிதான் சார்.
கல்லும் விதிப்படிதான நட்டாங்க."
கோபமில்லை குரலில்.
பின்னால் தக்காளிக் கிரேடு இறக்கும் சத்தம்,
யாரையோ "மெதுவா, மெதுவா" என்றான்.

நேற்று எனக்குக் குறிப்பாணை.
பாடாமல் நுழைந்த கணமே ஊத வேண்டிய விசிலை
முப்பது நொடி ஊதாதது ஏன்?
விதி தெரிந்த யாரோ எழுதியிருக்கிறார்.

விசில் பழுதென்று எழுதச் சொல்கிறாள் மனைவி.
பழுதில்லை.
பல்லுக்கு நடுவில்தான் இருந்தது,
எச்சிலில் நனைந்துகொண்டு.

"மதிப்பிற்குரிய ஐயா" வரை எழுதியிருக்கிறேன்.
பதில் தர மூன்று நாள் அவகாசம்.
முப்பது நொடிக்கு
மூன்று நாள்.