வேறு

படிவத்தில் ஐந்து கட்டம்.
இனம், நிறை, வலை, படகு, விலை.
ஆறாவது ஓரத்தில்,
விரல்நுனி கொள்ளாத ஒரு பெட்டி:
வேறு.

நாவாந்துறையில்
விடிய நாலரைக்குத்
தராசுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
சங்கத்துக்காக இதை நிரப்புகிறவள் நான்.
மாதம் ஒருக்கால் கட்டாகக் கட்டிக்
கந்தோருக்கு அனுப்புவேன்.
அங்கே யாரோ கூட்டிப் பார்த்து
நண்டு குறைந்துவிட்டது என்று
எங்களுக்கே எழுதுவார்கள்.

குறைந்ததுதான்.
போன சோளகத்தில் சுவக்கீனின் படகு
இருபத்திரண்டு கிலோ.
இந்தச் சோளகம் ஒன்பது.
ஒன்பது என்று எழுதிய பிறகும்
பேனை நிற்கவில்லை.

நண்டை எழுதினால்
நண்டு பதுங்கிய சாதாளையை எங்கே எழுத?
சாதாளையை எழுதினால்
அதை மேய்கிற ஓராவை,
அதற்குள் ஒளித்து வளர்கிற இறால் குஞ்சை,
இரவோடிரவாக அதை வேரோடு வாரிய
இழுவைமடியை?
கார்த்திகை மழை பிந்தியதை,
அராலிக் கதவு அதற்கும் பிந்தித் திறந்ததை,
கந்தரோடையில் கோவாவுக்குப் போட்ட யூரியா
வழுக்கையாற்றோடு இறங்கி வந்து
தண்ணீரைப் பாசியாக்கிச்
சாதாளைக்கு வெயில் மறைத்ததை?
கந்தரோடைத் தோட்டக்காரனுக்குப்
படகு இலக்கம் இல்லை.

ஆனியில் கூட்டம் வைத்தோம்.
சிவப்புத் துணி கட்டிய இரண்டு கம்புக்கு நடுவே
இடுப்பளவு தண்ணியில் கிடக்கிற சாதாளை
மூன்று மாதம் வலை படாமல் கிடக்கட்டும் என்று
அனற்றாதான் சொன்னாள்.
நண்டுச் சதை எடுக்கிற கொம்பனியில் வேலை,
பத்து விரலிலும் ஓட்டுக் கீறல்.
“சின்ன நண்டு வந்தால் எனக்குத்தான் நட்டம்,
ஒரு கிலோ சதைக்கு
ரெண்டு மடங்கு ஓடு உடைக்கவேணும்.”
கடலுக்காக அவள் பேசவில்லை.
அதனால்தான் நம்பினேன்.

சுவக்கீன் எழும்பினான்.
“என்ஜின் காசும்
மூண்டு மாதம் கம்பு நட்டுக்கொண்டு
கிடக்குமோ?”
ஒருவரும் சிரிக்கவில்லை.
கை தூக்கியவர்கள் முப்பத்தொன்று.
தூக்காதவர்கள் பத்தொன்பது.
கூட்டக் குறிப்புப் புத்தகத்தை
இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்;
அந்தப் பத்தொன்பதில் நானும் ஒன்று.

பன்னிரண்டாம் நாள் விடிய
சுவக்கீனின் வலைக்கண்ணில்
பச்சை மாறாத சாதாளை.
எங்கே பாய்ந்தாய் என்று நான் கேட்கவில்லை.
பெட்டியில் மேலாக ஒரு பெட்டை நண்டு.
வயிற்று மடல் மூடமாட்டாமல்
பிதுங்கிய சினை கறுத்திருந்தது.
இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால்
தண்ணியில் பொரித்திருக்கும்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் தராசைப் பார்த்தேன்.
இருநூற்றெண்பது கிராம்,
சினையும் சேர்த்து.
பிறக்காததுகளின் பாரத்தையும்
நிறை என்ற கட்டத்துக்குள்
வடிவான எழுத்தில் போட்டேன்.

அன்றைக்குத்தான் அந்த ஓரத்துப் பெட்டிக்குள்
எழுதத் தொடங்கினேன்.
சாதாளை. ஓரா. அராலிக் கதவு.
கோவாத் தோட்டம். அனற்றாவின் விரல்.
என்ஜின் தவணை, மாதம் பதினைந்தாம் திகதி.
இடம் முடியத் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கத்துக் கடைசி வரியில்
தராசுக்காரி.

கந்தோரிலிருந்து திரும்பி வந்தது.
சிவப்புப் பேனையால் ஒரு வரி:
மறுபக்கத்தில் எழுதுதல் ஆகாது.
சரி.
இப்போது தனித்தாள் வைத்துக்
குண்டூசியால் குத்தி அனுப்புகிறேன்.
உப்புக்காற்றுக்கு ஊசி கறள் பிடித்து
இரண்டு தாளிலும் ஒரே இடத்தில்
கறை.

நேற்று சுவக்கீன் வந்து சொன்னான்,
வாடை கிளம்பிவிட்டதாம்,
கிழக்குப் பக்கத்துக் கம்பு சாய்ந்து போச்சாம்,
நிமிர்த்தி நட ஆள் வேணுமாம்.
அவ்வளவு கிட்டப் போய் எப்படிக் கண்டாய் என்று
வாய் வரைக்கும் வந்தது.
எழுதிக்கொண்டேன்.