வடக்கெல்லை, புல எண் 212/3

காணாமல் போன கல்லைத் தேடித்தான் தோண்டச் சொன்னேன்.
புலப்படத்தில் இருக்கிறது, தரையில் இல்லை.
கருங்காலக்குடிக்கு மேற்கே, செம்மண்.
அந்தப் பக்கம் சேவுகப்பெருமாளின் இருபது வருசத் தைலமரங்கள்,
இந்தப் பக்கம் வீரசின்னம்மாளின் இடுப்புயரக் கன்றுகள்,
நடுவில் மேலூர்க் கோர்ட்டில் பதினோரு வாய்தா.

மிலானில் ஓர் ஓட்டலில் ஒன்பது வருசம்
தட்டுக் கழுவிவிட்டு வந்தவள் அவள்.
அங்கே ட்ரஃபிள் என்று ஒன்று, கிழங்கு மாதிரி, கிழங்கில்லையாம்,
ஓக் மரத்து வேரில் மண்ணுக்குள்ளேயே விளையும் காளானாம்,
நாய் மோந்து சொன்னால்தான் இருப்பது தெரியுமாம்.
தங்கம் நிறுக்கிற தராசில் நிறுத்து
சோற்றின் மேல் சீவிப் போடுவார்களாம்.
தட்டில் ஒட்டியிருந்த சீவலை
விரலால் வழித்து நக்கியிருக்கிறாள்.
‘மழையில நனைஞ்ச சாக்கு, பூண்டு,
கொஞ்சூண்டு மண்ணெண்ணெய்’ என்றாள்.
அந்த வாசனைக்குத்தான் நாற்பது ஓக் கன்று,
கூரியரில், கன்று ஒன்று தொள்ளாயிரம்.
பங்குனியில் முப்பத்தெட்டு போயிற்று.
மிச்சம் இரண்டும் கத்திரியில்.

அப்புறம் ஒத்தக்கடைக் கல்லூரியில் ஒருவர் சொன்னாராம்:
இந்த வெயிலுக்கு அது வராதும்மா,
தைலம் வை, வேரில் இந்தப் பொடியைத் தூவு,
வேறொரு பூஞ்சை வரும்.
விலை போகாது. மரம் காயாது.
காபிப்பொடி நிறத்தில் ஒரு டப்பா.
ஒரு கிராமில் எத்தனை கோடி வித்து என்று
லேபிளை எனக்கு வாசித்துக் காட்டினாள்,
கிரயப் பத்திரம் வாசிக்கிற குரலில்.

இரண்டடியில் கல் இல்லை.
இரண்டரையில் கடப்பாரை நின்றது. கல்தான் என்று குனிந்தேன்.
வேர்.
அதன்மேல் பிரிபிரியாய் நூல்,
மஞ்சள் தோய்த்த தாலிக்கயிறு நைந்த மாதிரி.
அவர் மரத்திலிருந்து புறப்பட்டு
நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு அடியில் நுழைந்து
இவள் கன்றின் வேர்நுனிகளுக்கு உறை போட்டிருந்தது,
பிள்ளைகள் விரல்நுனிக்கு மருதாணி அப்புவது போல.
இருபத்தாறு வருச சர்வீஸில்
எல்லை தாண்டியது எத்தனையோ பார்த்திருக்கிறேன்.
வேலி, வாய்க்கால், ஒருமுறை முழு மாட்டுக்கொட்டகை.
இது எதிலும் சேரவில்லை.

சும்மா எதுவும் தராதாம் பூஞ்சை.
வேர் எட்டாத இடத்து ஈரத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்,
கூலியாய் மரத்திடம் சர்க்கரை வாங்கும்.
இதைப் பெருமையாகச் சொன்னதுதான் அவள் செய்த தப்பு.

சேவுகப்பெருமாள் ஒரு நிமிசம் பேசவில்லை.
பிறகு, ‘அப்ப எம்மரத்துச் சர்க்கரைய
இவ காட்டுக் காளான் திங்குது. எழுதுங்க சார்.’
‘எம்பொடிதான ஒங்க மரத்துக்குத் தண்ணி சுமக்குது,
அதுக்குக் கூலிய வைங்க.’
யார் பொடி, யார் பூஞ்சை,
முதலில் இங்கே குடியிருந்தது எது,
நூலில் பட்டா எண் கிடையாது.

போன வாரத்து இடிமழைக்கு
கன்றோரம் ஓர் உருண்டை கிளம்பியிருந்தது,
எருக்கல் மாதிரி, பாதித் தேங்காய் அளவு.
அரிவாளால் பிளந்தாள்.
உள்ளே அரிசி அரிசியாய், அதற்குள் கறுப்பு மை.
மோந்தாள்.
‘இது இல்ல.’
மறுபடியும் மோந்தாள்.
வரப்புக்கு அந்தப்புறம் நின்றபடி
சேவுகப்பெருமாளும் மூச்சை இழுத்துப் பார்த்தார்.

புதுக்கல் நட, நூலை வெட்ட வேண்டியிருந்தது.
தலையாரி பூமிநாதன் நாலு குத்துக் குத்தினார்.
குறிப்புக் கட்டத்தில்
‘ஆட்சேபணைக்குரிய தடை ஏதுமில்லை’ என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன், இரண்டு பேரும் போட்டார்கள்.

மேலூர் பஸ்ஸில் அளவுநாடாவைச் சுற்றும்போது
பதினேழாவது மீட்டரில் விரல் ஒட்டியது.
பக்கத்துச் சீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்துவிட்டார்.
அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மோந்து பார்த்தேன்.
பூண்டு இல்லை. மண்ணெண்ணெய் இல்லை.
சாக்கு, இருக்கலாம்.