கேட் மூடியிருந்த நேரம்

நீடாமங்கலம் கேட் மூடிவிட்டது.
சரக்கு ரயிலாம், எஞ்சினைத் திருப்பி மாட்டுகிறார்களாம்.
வெள்ளரிப்பிஞ்சு விற்பவள்
கண்ணாடியைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போகிறாள்.
அரை மணி நேரம் நிச்சயம்.

நல்லதாய்ப் போயிற்றென்று
முன்சீட்டில் அந்தமானை விரிக்கிறார்கள்
என் கணவர் இளஞ்சேரனும்
கூத்தாநல்லூர் நஜிமுதீனும்.

சம்பா அறுப்பு முடிந்த பத்தாம் நாள் புறப்பாடு.
ஹேவ்லாக்கில் நாலு இரவு.
மூன்றாம் நாள் விடியலில் படகு.
கரையிலிருந்து இருபது மைல்,
அடி தெரியாத நீலம்.

"பின்னல் நூல் எண்பது பவுண்டு தாங்கணும்."
"ரீலுக்குத் துபாய் மச்சான்கிட்ட சொல்லியாச்சு."
"அமாவாசைய ஒட்டிப் போனா நீரோட்டம் நல்லாருக்குமாம்."
ஒருவர் உரக்கடை, ஒருவர் சிமெண்ட் ஏஜென்சி.
இருவரும் சேர்ந்து இதுவரை பிடித்தது
வெண்ணாற்றில் மண்புழு கோத்து
உள்ளங்கை நீளக் கெண்டை ஏழோ எட்டோ.
தப்பியவை எல்லாம்
தக்கையைப் பார்க்காமல் போனைப் பார்த்ததில் தப்பியவை.

இப்போது அதே போனில் தளப்பத்து துள்ளுகிறது
முதுகுத் துடுப்பை விரித்துக்கொண்டு.
அடுத்தடுத்துப் பாறை, சூரை, ஊளி.
ஏற்கெனவே தூக்கிப் பார்த்தவர்கள் போல
எடை சொல்கிறார்கள்.

"பிடிச்சதத் திரும்பக் கடல்லயே விட்டுடணுமாம்"
என்கிறார் நஜிமுதீன், விதியைப் படித்து.
வண்டிக்குள் ஒரு நிமிடம் துக்கம்.
"போட்டோ எடுத்துக்கலாம்ல?"
"அது எடுத்துக்கலாம்."
துக்கம் கலைகிறது.

நான் பின்சீட்டில்.
வலங்கைமான் கால்நடை மருந்தகத்திலிருந்து
நேராக ஏறியவள்.
எத்தனை கழுவியும் முழங்கைக்கு மேலே
இன்னும் மாட்டுக் கொட்டகை.
திட்டத்தில் என் பெயருக்கு நேரே
"கடற்கரை, சங்கு வாங்குதல்" என்றிருக்கிறது.
பணம் மட்டும்
நான் கசர் தள்ளி எடுத்த சீட்டுப் பணம்.

படகுக்காரர் சூசைமிக்கேல் ஸ்பீக்கரில் வருகிறார்.
பூர்வீகம் செருதூராம்.
"சார், நாற்காலி ஒண்ணுதான்.
பெல்ட் போட்டு உக்காரணும்.
பெருசு கடிச்சா கடைசி வரைக்கும் ஒரே ஆளு,
கை மாத்தக் கூடாது.
அது ஓடுறப்ப விடணும்,
அது மூச்சு வாங்குறப்ப இழுக்கணும்.
மாத்திச் செஞ்சா நூலும் போச்சு, தோளும் போச்சு.
ஒண்ணரை மணி நேரங்கூட ஆகும்.
யாரு உக்காருறீங்க?"

முன்சீட்டில் சத்தமில்லை.
இளஞ்சேரனுக்கு முதுகெலும்பில் தேய்மானம்.
நஜிமுதீனுக்கு
வேதாரண்யம் பஸ்ஸிலேயே வாந்தி வரும்.

இன்று காலை ஆவூரில்
ஒரு கன்று தலை திரும்பிக் கிடந்தது.
உள்ளே கைவிட்டுத் தலையை நேராக்கி
குளம்புக்கு மேல் கயிற்றைச் சுருக்கிட்டு
வைக்கோலில் ஒருக்களித்துப் படுத்து
அவள் முக்கும்போது இழுத்து
அவள் நிறுத்தும்போது நிறுத்தி
ஒரு மணி இருபது நிமிடம்.
கன்றுக்கு உயிர் இருந்தது.
மாட்டுக்காரர் நீட்டிய டீயில் ஈ விழுந்திருந்தது.
எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.

"நான் உக்காருறேன்" என்கிறேன் போனைப் பார்த்து.
"எனக்குப் பழக்கம் நேர்மாறு,
அங்க முக்குறப்பதான் இழுக்கணும்.
மாத்திக்கிறேன்."
"எங்கம்மா?"
"மாட்டுல."
கடலுக்கு அப்பால் கொஞ்ச நேரம் இரைச்சல்.
பிறகு அவர் கேட்கிறார்,
"கையுறை அளவு சொல்லுங்கம்மா."
"தோள் வரைக்கும் போடுறது வீட்ல ஒரு பெட்டி இருக்கு."

நிலக்கரிப் பெட்டிகள் போய்க்கொண்டே இருக்கின்றன.
நாற்பது வரை எண்ணி விட்டுவிட்டேன்.
இளஞ்சேரன் மெல்லத் திரும்புகிறார்.
"அப்ப சங்கு?"
"வலம்புரின்னு சொல்லி ஏமாத்துவான்.
பாத்து வாங்குங்க."

கேட் எழும்புகிறது.
இரண்டு பக்கத்து வண்டிகளும்
ஒரே நேரத்தில் பாய்ந்து
தண்டவாளத்தின் நடுவில் முட்டி நிற்கின்றன.
ஒருவரும் விடுவதாயில்லை.
நான் வலது மணிக்கட்டைச்
சுழற்றிப் பார்க்கிறேன்.
காலை வலி அப்படியே இருக்கிறது.
ஜனவரிக்கு இன்னும் நாள் இருக்கிறது.