ஏழு வரப்பு

எழுதிக்கொள்ளுங்கள், ரிசீவர் ஐயா.
பெயர் மதலேனம்மாள். ஊர் நாகப்பட்டினம்,
ரயில்வே பட்டறைக்குப் பின்தெரு.
கம்பெனி எனக்குத் தரவேண்டியது
முப்பத்தோரு ரூபாய் ஆறணா.
தையல் கூலி. நூலும் என்னுடையது.

கம்பெனி என்றால்
நீடாமங்கலத்தில் ஒரு நெல் கிடங்கு.
வாசலில் பலகை:
வெண்ணாறு ஆகாயக் கப்பல் கம்பெனி, லிமிடெட்.
லிமிடெட் என்றால் என்ன என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
இன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள்.

பணம் நாகூர் மீரா லெப்பை மரைக்காயருடையது.
பினாங்கிலிருந்து எஞ்சினை ஏற்றிவிட்டவரும் அவர்தான்.
இது என்ன சரக்கு, என்ன வரி என்று
சுங்கத்தில் ஒருவருக்கும் புரியாமல்
'தையல் மெஷின் வகையறா' என்று எழுதி இறக்கினார்கள்.
அப்போதே நினைத்தேன்,
இது என்னிடம்தான் வந்து நிற்கும் என்று.

வரைந்தவர் பட்டறை பிட்டர் தேவசகாயம்.
காரைக்காலில் மீன் சுற்றிக் கொடுத்த
பிரெஞ்சுப் பத்திரிகையில் படம் இருந்தது, அளவு இல்லை.
பக்கத்தில் நின்ற துரையை
ஐந்தரை அடி என்று வைத்துக்கொண்டு
மீதியைக் கணக்குப் போட்டார்.
ஆள் குள்ளமாக இருந்தால்? என்று கேட்டேன்.
இறக்கை பெரிதாகும், கெடுதல் என்ன, என்றார்.
துரையின் தொப்பியைச் சேர்த்து அளந்தாரா
என்று கேட்கத் தோன்றவில்லை.

மூங்கில் கொள்ளிடக்கரையிலிருந்து.
துணி கும்பகோணத்து மல்.
விறைப்பாக நிற்கப் பச்சரிசிக் கஞ்சி.
முதல் இறக்கையை மாடு தின்றது.
இரண்டாவதில் வேப்பெண்ணெய் கலந்தோம்,
ஐப்பசி மழையில் அது
ஈரப் பாவாடை மாதிரித் தொங்கியது.
பங்குனி வெயில் வரும்வரை
கம்பெனி சும்மா இருந்தது.
சும்மா இருந்ததற்கும்
கிடங்கு வாடகை ஓடியது.

தாளடி அறுத்தபின் வயலெல்லாம் தரை.
வரப்பு மட்டும் குறுக்கே.
வெட்டித் தாருங்கள் என்று போனதற்கு
மிராசு வேணுகோபால நாயுடு சிரித்தார்:
வரப்பைத் தாண்டுவதற்குத்தானே ஐயா
ஆகாயத்தில் போகிறீர்கள்?
அதனால் வண்டிப்பாதையில் ஓடி,
அதன் முடிவில் எழும்பியாக வேண்டும்.

ஓட்டுகிறவனை நெல் தராசில் நிறுத்து எடுத்தார்கள்.
தந்தி ஆபீஸ் பியூன் குஞ்சிதபாதம்,
தொண்ணூற்றெட்டு ராத்தல்.
தந்தி கொண்டுபோகிற வேகம் தெரியும் என்றான்,
இறங்குவதைப் பற்றி அவனும் கேட்கவில்லை,
அவர்களும் சொல்லவில்லை.

ஆனந்த வருஷம், சித்திரை பதினொன்று.
எழும்பியது.
சனம் முழுக்க அண்ணாந்து நின்றது.
நான் இடது இறக்கையில்
மூன்றாம் விலாவைப் பார்த்தேன்:
அங்கேதான் நூல் தீர்ந்து
வேறு நூல் கோத்திருந்தேன்.
பிறகு கழுத்து வலித்துக் கீழே பார்த்தால்
நிழல் போய்க்கொண்டிருந்தது.
ஒவ்வொரு வரப்பிலும் ஏறி இறங்கி,
தாண்டத் தெரியாத நாய்க்குட்டியைப் போல.
ஏழு எண்ணினேன்.
எட்டாவதில் நிழலும் கப்பலும்
ஒன்றையொன்று தொட்டன.

குஞ்சிதபாதத்துக்கு இரண்டு பல் போயிற்று.
எழுந்து உட்கார்ந்து,
மேலிருந்து பார்த்தால்
நாயுடு நிலம் எது, அடுத்தவர் நிலம் எது என்று
தெரியவே இல்லை என்றான்.
நாயுடுவுக்கு அது பிடிக்கவில்லை.

ஆவணியில் சண்டை. பினாங்குக் கப்பல் நின்றது,
மரைக்காயர் கடிதம் நின்றது.
யாரும் எதையும் பறக்கவிடக் கூடாதென்று உத்தரவு.
எஞ்சினை வாடகைக் கடனுக்கு நாயுடு எடுத்துக்கொண்டார்.
இப்போது அது வாய்க்கால் நீரை
மேட்டு வயலுக்கு இறைக்கிறது.
வரப்பைத் தாண்டித்தான்.

உங்கள் ஏலப் பட்டியலை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.
'கிழிசல் துணி, ஒரு பொதி, பன்னிரண்டணா.'
கிழிசல் இல்லை, ஐயா.
மூங்கில் முறிந்தது, கம்பி அறுந்தது.
தையல் பிரியவில்லை.
நூல் மாற்றிய இடத்தில்கூட.
பொதியைப் பிரித்துக் கையால் தடவிப் பாருங்கள்,
நான் காத்திருக்கிறேன்.

முதலில் அதைத் திருத்துங்கள்.
கூலியைப் பிறகு பேசலாம்.
கைநாட்டு வேண்டாம். மையை இப்படித் தள்ளுங்கள்,
எனக்கு எழுத வரும்.