பெயர்ப் பெயர்ச்சி

சனி பெயர இரண்டரை வருஷம்.
எங்கள் பெயர் பெயர
நாற்பத்தெட்டு மணித்தியாலம் வரை பிடிக்கலாமென்று
கம்பனி அனுப்பிய மின்னஞ்சல் சொன்னது.
பரிகாரம் ஏதும் போட்டிருக்கவில்லை.

நிதானம்.
டண்டினோங்கில் இரண்டு பெண்கள் சேர்ந்து தொடங்கிய
கார் பழக்கும் பள்ளிக்கு
அதைவிடப் பொருத்தமாய் ஒன்று கிடைக்காது.
புள்ளி கொம் புள்ளி ஏயூ.
பதிந்தது யசோதினியின் கார்டில்,
ஒரு வெள்ளி இரவு, காருக்குள் இருந்தபடி,
மடியில் கொத்துரொட்டிப் பெட்டி சுட்டுக்கொண்டிருக்க.

அவள் பேர்த்துக்குப் போய்ப் பதினொரு மாதம்.
ஏனென்று கேட்பவர்களுக்குச் சொல்ல
என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது, அவளிடம் வேறொன்று.
இரண்டும் தெரிந்தவர்
எங்கள் எக்கவுண்டன்ற் மட்டும்.

புதுத் தளம் தயார்.
புதுக் காரின் படம், கூட்டிய விலை,
அடியில் ஒரேயொரு தொலைபேசி எண்.
பெயர் மட்டும் பழைய வாசலிலேயே நின்றது.
திறப்பு அவள் கையில்.

எடுத்தேன்.
"ஓம்" என்றாள். "எண்ணைச் சொல்லு."
சுகம் விசாரிக்க வேண்டிய இடத்தை
மஞ்சள் வெளிச்சத்தைத் தாண்டுவதுபோல்
இரண்டுபேரும் விறுக்கென்று தாண்டினோம்.
பழக வருகிறவர்களுக்கு
நாங்கள் அப்படிச் சொல்லிக்கொடுப்பதில்லை.

நூற்றி மூன்று என்றேன். நூற்றி மூன்று என்றாள்.
புள்ளி. புள்ளி.
இருபத்தொன்று.
ஏழோ?
இல்லை, ஒன்று. ஒன்று.
பதினொரு மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்
எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கும்
ஒரு கணினியின் முகவரி.

"பழையதை அழிக்கவா எண்டு கேக்குது."
கேட்டது இயந்திரம்தான்.
ஆனாலும் அவள் காத்திருந்தாள்.
"அழி."

ஒன்றும் நடக்கவில்லை.
என் திரையில் அதே பக்கம்:
எல் பலகை கட்டிய வெள்ளைக் காருக்கு
அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்,
ஆளுக்கொரு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு.
வாய் திறந்தபடி நான்.
அந்தப் படத்தை மாற்று மாற்றென்று
இரண்டு வருஷம் சண்டை பிடித்தவள்.

"இஞ்ச உன்ர வந்திட்டுது" என்றாள்,
ஒரு பாலைவனத்துக்கு அப்பால்,
என்னுடைய நேரத்துக்கு இரண்டு மணி பிந்தி.
"இஞ்ச இன்னும் எங்கடதான்" என்றேன்.
சொன்ன பிறகே
சொன்னது காதில் விழுந்தது.
பேர்த்தில் ஏதோ ஒரு நாய் குரைத்தது.
நாய் வளர்க்கிறாளா? கேட்கவில்லை.

சனிக்கிழமை கீஸ்பரோவிலிருந்து ஒரு பெடியன்:
"முன்னுக்கு மூண்டு டபிள்யூ போட்டா ரெண்டு அன்ரிமார்,
போடாட்டி ஒரு அன்ரி.
நான் ஆருக்குக் காசு கட்டுறது?"
எனக்கு, என்றேன்.
பிறகு அவன் சொன்னபடி தட்டிப் பார்த்தேன்.
உண்மைதான். அந்த ஒரு வரியை
அவள் மாற்றாமல் விட்டிருக்கிறாள்.
நாற்பத்தெட்டு மணித்தியாலம் முடிந்தும்
மூன்று டபிள்யூவுக்குப் பின்னால்
நாங்கள் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

ஞாயிறு எடுக்கவில்லை.
திங்கள் நான்கு பாடம், ஒரு சோதனை, அவள் பாஸ்.
செவ்வாய் எடுத்தேன்.

"தெரியும்" என்றாள், நான் தொடங்க முதலே.
"மறக்கேல்ல. விட்டு வைச்சனான்."
விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.
"இப்ப மாத்தவா?"

என் வலது கால்
சமையலறை மேசைக்கு அடியில்,
பிரேக்கே இல்லாத இடத்தில்,
பிரேக்கைத் தேடி மிதித்தது.