தண்

முதலில் ஒரு வெள்ளைத் திரை.
வடக்கு தெற்கு எதுவும் இல்லை.
கீழ் மூலையில் சின்னதாக
பூச்சியம், பூச்சியம்.
மேலே மின்விசிறி ஓடுகிறது, லேப்டாப்புக்குள் ஒன்று ஓடுகிறது,
எது எந்தச் சத்தம் என்று பிரிக்க முடியவில்லை.

பதினொரு நாள் நடந்திருக்கிறோம் இதற்கு.
வியாசர்பாடி, கன்னிகாபுரம்,
ஜீவா ஸ்டேஷனின் பின்பக்கச் சந்துகள்.
ஒவ்வொரு அடிபம்பின் தலையிலும் போனை வைத்து
துல்லியம் நாலு மீட்டருக்குள் இறங்கும்வரை
வெயிலில் நின்று
பொத்தானை அழுத்தினோம்.
இருநூற்றுப் பன்னிரண்டு பம்பு.
பாதி நான், பாதி நஸ்ரீன்.

எக்செல் கோப்பை இழுத்துப் போட்டேன்.
எக்ஸ் எது என்றது.
ஒய் எது என்றது.
அட்சரேகை எக்ஸ், தீர்க்கரேகை ஒய் என்றேன்.
வாயில் வரும் வரிசை அதுதானே.

திரை வெள்ளையாகவே இருந்தது.
‘அடுக்குக்குப் போ’ என்று ஒரு பொத்தான்.
அழுத்தினால் போனது, போய்க்கொண்டே இருந்தது,
எண்பது டிகிரி வடக்கில் போய் நின்றது.
அடியில் உலகப்படத்தை விரித்துப் பார்த்தால்
நார்வேக்கும் மேலே, பனிக்கடலில்
ஈ மொய்த்த மாதிரி எங்கள் வார்டு.
வெள்ளைக் கரடியும் குடத்தோடு வரும் இனிமேல்.
சகாயமேரி அதையும் விடமாட்டாள்:
“மூணு மணிக்கே கல்லு வெச்சிட்டுப் போனேன்,
தள்ளி நில்லு.”

நஸ்ரீனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.
பதில் வந்தது:
“அங்கயாச்சும் தண்ணி வருதா?”

இரண்டையும் இடம் மாற்றினேன்.
நாற்பத்து நான்காம் மண்டலம், வடக்கு
என்றும் சொல்லிக் கொடுத்தேன்.
ரயில் பாதையை ஒட்டிப் புள்ளிகள் இறங்கின.
ஒன்று மட்டும் தண்டவாளத்தின் நடுவில்.
அது தகரக் கூரைக்கு அடியில் நான் அவசரமாக எடுத்தது.
கையால் நகர்த்தி சுவரோரம் விட்டேன்.

அடுத்தது அட்டவணை.
தண்ணீர் வருமா? ஒன்று அல்லது பூச்சியம்.
எங்கள் நோட்டில் இருப்பதோ

“ராத்திரி ரெண்டு மணிக்கு”
“வரும், வாடை அடிக்கும்”
“மழை பேஞ்சா பத்து நாளு”
“சாவி மூணாவது வீட்ல இருக்கு, அவங்க ஊருக்குப் போயிருக்காங்க”
“நீங்க எந்த ஆபீஸு?”

எண் நிரல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.
அழித்துவிட்டு எழுத்து நிரலாகச் செய்தேன்,
தலைப்பில் தண்ணீர் என்று அடித்தேன்,
சேமித்தேன், மூடினேன், திறந்தேன்.

தண்

என்று இருந்தது.

பத்து எழுத்துதான் கொள்ளுமாம் அந்தப் பழைய கோப்பு வகை.
அதுவும் அவர்கள் எழுத்து.
நம்முடையது ஒவ்வொன்றும் மூன்று இடம் பிடிக்கும்.
த.
ண.
அதன் தலையில் இருக்கும் புள்ளிக்கும் மூன்று இடம்.
அவ்வளவுதான், கதவைச் சாத்திவிட்டது.
குளிர்ச்சி உள்ளே வந்துவிட்டது,
நீர் வெளியே நிற்கிறது.

வேறு வகைக் கோப்பு இருக்கிறது, அதில் முழுப்பெயரும் நிற்கும்.
பிறகு அப்படித்தான் சேமித்தேன்.
ஆனாலும் அந்த ஒற்றைச் சொல்லை
கொஞ்ச நேரம் அழிக்காமல் வைத்திருந்தேன்.

படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே வந்தபோதுதான் தெரிந்தது,
எங்கள் தெரு பம்பு இல்லை.
நான் எடுத்திருப்பேன் என்று அவள்,
அவள் எடுத்திருப்பாள் என்று நான்.
பென்சில் குறியை அழுத்தி
சாராவின் தையல் கடைக்கு எதிரே ஒரு புள்ளி வைத்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று.
இரும்பு, கைப்பிடி உண்டு, வாஷர் புதிது.
தண்ணீர்?
கட்டத்துக்குள் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

மணி ஒன்று ஐம்பது.
லேப்டாப்பை மூடாமல்
குடத்தை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கீழே ஏற்கெனவே நாலு கல்.