கடைசி மூன்று இருக்கைகள்

நெஞ்சு நோய் விடுதி. இரவு ஒன்று நாற்பது.
பன்னிரண்டு கட்டில், ஒன்பது இருமல்,
ஒரு மின்விசிறி, அதற்கும் தொண்டை சரியில்லை.
மருந்துத் தள்ளுவண்டியின் கீழ்த்தட்டில்
போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்,
மேற்றன் எட்டிப் பார்த்தால்
ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று நினைக்கிற கோணத்தில்.

ஐந்து பெட்டி. ஆறு தரம் பிழைக்கலாம்.
பிழைத்தல் என்ற சொல்லுக்கு
இந்த விடுதியில் வேறு பொருள்.

பரீட்சைக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
போன தடவை கேட்டல் பகுதியில் அரைப் புள்ளி குறைந்தது.
அந்த அரைக்கு அந்தப் பக்கம் லீட்ஸ்.
லீட்ஸும் ஐந்தெழுத்துத்தான்,
ஊர்ப்பேர் செல்லாது என்கிறது விளையாட்டு.

முதல் வரி: நைட்.
கடமைப் பட்டியலில் என் பேருக்கு நேரே
மாதம் பத்துத் தரம் வருகிற சொல்.
ஜியும் எச்சும் மஞ்சள், மற்ற மூன்றும் சாம்பல்.
நைட்டுக்குள் அந்த இரண்டும் வாயே திறப்பதில்லை,
சம்பளம் மட்டும் எடுக்கிற ஆட்கள்.
தமிழில் இப்படி ஒருவரை வைத்திருக்க முடியாது.
எழுத்தில் நின்றால் பேச வேண்டும்,
ஆய்தம்கூட மூச்சு விட்டாக வேண்டும்.

பதினோராம் கட்டில் இருமியது.
நான் யோசிக்கவில்லை, விரல்தான் எழுதியது:
கொஃப்.
யூ, ஜி, எச். கடைசி மூன்றும் பச்சை.
சீ இல்லை. ஓவும் இல்லை.

ஓ இல்லாமல் என்ன செய்ய?
ரஃப், டஃப், டோ,
எனக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் வயிற்றுக்குள் ஓ.
இரண்டு மணிக்கு ஊசி. ஆறாம் கட்டிலுக்கு ஒட்சிசன்.
திரும்பி வந்தேன், முன்னிரண்டு பெட்டியும்
அப்படியே வாயைப் பிளந்தபடி.

"என்ன சிஸ்டர் அது?"
பதினொன்று. மயூரதன், முப்பத்திநாலு வயது,
பருத்தித்துறை மினிபஸ்ஸில் கொண்டக்டர்.
நித்திரை வராதவனுக்குப் போன் வெளிச்சம் போதும்.
காட்டினேன். காட்டக் கூடாதுதான்.

கொஞ்ச நேரம் பார்த்தான்.
"பின் சீற்று மாதிரிக் கிடக்கு.
அஞ்சு பேர் இருக்கிற இடத்திலை
மூண்டு பேர் அமந்து குந்திட்டினம்.
மற்ற ரெண்டு பேரும் மிதிபலகையிலை தொங்கினம்,
உள்ளுக்கை வரமாட்டினமாம்."
பிறகு தன்னுடைய தொழிற்குரலில்,
விடுதி முழுக்கக் கேட்க,
"உள்ளுக்கை போங்கோ, உள்ளுக்கை, இடம் இருக்கு!"

எட்டாம் கட்டில் "டேய்" என்றது.
அவன் சிரித்தான். சிரித்ததில் இருமினான்.
இருமலுக்கு நடுவே சிரிப்பு விடவில்லை,
சிரிப்புக்கு நடுவே இருமல் விடவில்லை,
நான் முதுகைத் தாங்கிக்கொண்டு
எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போதுதான்.
எல், ஏ.
லாஃப்.

ஐந்தும் பச்சை.

இரண்டுக்கும் கடைசி மூன்று இருக்கை ஒன்றே,
ஏறுகிற ஆள் மட்டும் வேறு.
தமிழில் எண்ணிப் பார்த்தேன்:
இருமல் நாலெழுத்து, சிரிப்பும் நாலெழுத்து.
இரண்டாம் இடத்தில் ருவும் ரியும்
ஒன்றுவிட்ட சகோதரங்கள் போல நிற்கின்றன.
மற்றபடி கொடுக்கல் வாங்கல் இல்லை.

"சிரிக்கப் பண்ணாதேங்கோ சிஸ்டர், நெஞ்சு நோகுது"
என்றான், சிரிக்கப் பண்ணினவன் தானே என்பது மறந்து.

ஐந்தே கால். இரவு அறிக்கை, ஆங்கிலத்தில்.
காய்ச்சலுக்கு ஒரு நிரல், நாடிக்கு ஒன்று,
இருமலுக்கு ஒன்று: ஐந்தெழுத்து, பிழையில்லாமல் எழுதினேன்.
மற்றதற்கு நிரல் இல்லை.
ஓரத்தில் எழுதலாம் என்று பேனையை வைத்தேன்,
மேற்றனுக்கு என்ன விளக்கம் சொல்ல, எடுத்துவிட்டேன்.
பேனை வைத்த இடத்தில் ஒரு புள்ளி இருக்கிறது.

அவனுடைய சளி முடிவு எட்டு மணிக்கு வரும்.
எட்டு மணிக்கு என் கடமை முடிந்துவிடும்.
கீழே தேத்தண்ணி வாங்கிக்கொண்டு
எட்டரை வரைக்கும் நிற்கலாம் என்றிருக்கிறேன்.